ஆசாரியர் பிரபுல்ல சந்திரர்

காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருப்பெரும்புதூர் இராமாநுசர் பிறந்த ஊர் என்பதை நாடறியும். ஸ்ரீபெரும்புதூர் எனவும் அதனை வழங்குவர். அங்கிருந்து ஒரகடம் வரையில் செல்லும் சாலையின் இருமருங்கும் முன்னாளில் ஏரிகளும் நெற்கழனிகளுமே விளங்கின. இந்நாளில் அவற்றிடையே பெருந்தொழிற்சாலைகள் எழுந்து நிற்கின்றன. ஓரிடத்தில் மணலை உருக்கிக் கண்ணாடி செய்கின்றனர். மற்றோரிடத்தில் ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றி டயர் ஆக்குகின்றனர். இன்னோரிடத்தில் எஃகுத் தகட்டை வளைத்துக் கார் இயற்றுகின்றனர். பொழுது புலருமுன் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் பேருந்துகளை அவ்வழியே பள்ளிக்குச் செல்லும் மாணவர் நாள்தோறும் காண்பர்.

இத்தொழில்கள் அனைத்திற்கும் அடியில் ஒரு கலை உள்ளது. அஃது வேதியியல். மணலைப் பகுத்து நோக்கின், சிலிக்கன், ஆக்சிஜன் என்னும் இரண்டு பொருள்களே அதில் உள்ளன என்பது புலனாகும். இவ்விரண்டையும் வேதியியல் முறையால் மேலும் எளிய பொருள்களாகப் பிரித்தல் இயலாது. இங்ஙனம் பிரிக்க இயலாத பொருளைத் தனிமம் என்பர். இதுகாறும் அறியப்பட்ட தனிமங்கள் 118. தனிமத்தின் இயல்பு கெடாமல் நிற்கும் மிகச் சிறிய கூறு அணு ஆகும். ஒரு மில்லிமீட்டர் நீளத்தைக் கோடி பங்காக்கினால் அப்பங்கு ஒன்று எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவே அணுவின் குறுக்களவு. அணுக்கள் சில ஒன்றோடொன்று பிணைந்து நிற்கும் தொகுதி மூலக்கூறு. ஹைட்ரஜன் அணு இரண்டும் ஆக்சிஜன் அணு ஒன்றும் பிணைந்தால் நீரின் மூலக்கூறு பிறக்கும்.

எழுத்துகள் கூடிச் சொல் ஆவதைப் போன்றது இது. எழுத்துகள் சில, அவற்றால் ஆகும் சொற்களோ எண்ணில. கல் என்னும் சொல்லில் உயிரெழுத்து ஒரு மாத்திரை நீண்டால் கால் ஆகிவிடும். பொருள் முற்றிலும் வேறாகும். அணுக்களின் எண்ணிக்கையில் ஒன்று கூடினும் குறையினும் அவ்வாறே பொருள் மாறும். இதனை மனத்திற் கொள்க. பின்னர் ஒரு மஞ்சள் நிறப் படிகத்தைப் பற்றிக் கூறும்போது இது பயன்படும்.

இக்கலையை ஏட்டுக் கல்வியாக மட்டும் கொள்ளாது, கையால் செய்யும் தொழிலாகவும், நம் நாட்டவர் தாமே புதியன காணும் ஆராய்ச்சியாகவும் இந்திய மண்ணில் ஊன்றிய பெரியார் ஆசாரியர் பிரபுல்ல சந்திர ரே ஆவார்.

வங்காளத்தில், ஜெசூர் மாவட்டத்தில், கபோதாட்சம் என்னும் ஆற்றங்கரையில் ராருலி என்பது ஒரு சிற்றூர். இப்பொழுது அவ்வூர் வங்காள தேசத்தில் குல்னா மாவட்டத்தில் உள்ளது. அங்கே 1861-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2-ஆம் நாள் பிரபுல்ல சந்திரர் பிறந்தார். தந்தையார் ஹரீஷ் சந்திரர் நிலக்கிழார். பாரசீகமும் ஆங்கிலமும் கற்றவர். இல்லத்தில் நல்ல நூல்நிலையம் வைத்திருந்தவர். தாயார் புவனமோகினி. பிள்ளைகளின் கல்வியை முன்னிட்டு அக்குடும்பம் 1870-இல் கல்கத்தா நகரில் குடியேறிற்று.

கல்கத்தாவில் ஹேர் பள்ளியில் பயின்று வந்த பிரபுல்ல சந்திரரை 1874-இல் கடுஞ் சீதபேதி பற்றியது. பள்ளிப் படிப்பு இரண்டாண்டு தடைப்பட்டது. நோய் தணிந்த பின்னும் செரியாமையும் உறக்கமின்மையும் வாழ்நாள் முழுவதும் அவரை விட்டு நீங்கவில்லை. ஆயின் படுக்கையிற் கிடந்த நாள்களை அவர் வீணே போக்கவில்லை. தந்தையாரின் நூல்நிலையம் அவருக்குப் பள்ளியாயிற்று. வரலாறும் பெரியோர் வாழ்க்கைகளும் படித்தார். இலத்தீன் மொழியைத் தாமே கற்கத் தொடங்கினார். மெலிந்த உடலும் மிகுந்த கல்வியுமாக அவர் மீண்டும் பள்ளி புகுந்தார்.

1879-இல் நுழைவுத் தேர்வில் தேறி, ஈசுவர சந்திர வித்தியாசாகரர் நிறுவிய மெட்ரோபாலிடன் கல்லூரியில் சேர்ந்தார். அக்கல்லூரியில் வேதியியல் கற்பிக்க வசதி இல்லை. ஆதலின் மாநிலக் கல்லூரிக்குச் சென்று அலெக்சாண்டர் பெட்லர் என்னும் ஆசிரியர் நிகழ்த்திய பாடங்களைக் கேட்டு வந்தார். பெட்லர் சோதனைகளைச் செய்து காட்டுவதில் வல்லவர். அவர் வகுப்பிற் கண்டதைத் தம் உறைவிடத்தில் தாமே செய்து பார்க்கும் ஆவல் பிரபுல்ல சந்திரருக்கு உண்டாயிற்று. தோழர் ஒருவருடன் கூடிச் சிறிய சோதனைக்கூடம் ஒன்று அமைத்தார். ஒரு முறை, ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் கலந்து எரிக்கும் ஊதுகுழல் ஒன்றை மெல்லிய தகரத்தால் செய்வித்துப் பற்றவைத்தார்கள். அது பேரொலியுடன் வெடித்துச் சிதறியது. நற்பேறாக இருவருக்கும் தீங்கு நேரவில்லை. இரண்டு வளிகளின் மூலக்கூறுகள் பிரிந்து, அவற்றின் அணுக்கள் நீராகக் கூடும்போது எத்துணை ஆற்றல் வெளிப்படும் என்பதை அவர்தம் செவியே அவருக்கு உணர்த்திற்று. மாணவர் இதனைத் தாமும் செய்து பார்க்கத் துணிதல் ஆகாது.

அக்காலத்தில் கில்கிறிஸ்டு உதவித்தொகை என்னும் ஒன்று இருந்தது. அதற்குரிய தேர்வில் வென்றார் பிரிட்டனில் கல்வி பயிலலாம். குடும்பத்தின் செல்வம் தேய்ந்து வந்தது; தந்தையார் பொருளால் கடல் கடத்தல் இயலாது. எனவே பிரபுல்ல சந்திரர் பிறர் அறியாமல் அத்தேர்வுக்குப் படித்து, 1882-இல் வெற்றியும் பெற்றார். அவ்வாண்டே கப்பலேறி எடின்பரோப் பல்கலைக் கழகத்தை அடைந்தார். அங்கே அலெக்சாண்டர் கிரம் பிரௌன் என்னும் பேராசிரியரிடம் வேதியியல் கற்றார். மூலக்கூறில் எந்த அணு எந்த அணுவுடன் பிணைந்துள்ளது என்பதைக் கோடுகளால் வரைந்து காட்டும் முறையை வளர்த்தவர்களுள் கிரம் பிரௌன் ஒருவர். அத்தகைய ஆசானிடம் பயின்றது மாணவரின் நல்லூழ். செம்பு, மக்னீசியம் முதலியவற்றின் சல்பேட்டுகள் ஒன்றோடொன்று கூடிப் படிகமாகும் தன்மையை ஆராய்ந்து 1887-இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார்.

இடையில் 1885-இல் ஒரு கட்டுரைப் போட்டி நடந்தது. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்கு முன்னும் பின்னும் இந்தியா இருந்த நிலை என்பது பொருள். வேதியியல் மாணவராகிய பிரபுல்ல சந்திரர் சோதனைக் குழாயைச் சில நாள் ஒதுக்கிவைத்து, ஆங்கில ஆட்சியின் குறைகளை அஞ்சாது எடுத்துரைத்து எழுதினார். பரிசு கிட்டவில்லை; பாராட்டுக் கிட்டியது.

1888-இல் தாயகம் திரும்பியபோது அவருக்குப் பணி ஒன்றும் காத்திருக்கவில்லை. உயர்நிலைக் கல்விப் பணிகள் பெரும்பாலும் ஆங்கிலேயருக்கே உரியனவாக இருந்தன. ஏறத்தாழ ஓராண்டு, அறிவியலறிஞர் ஜகதீச சந்திர போசின் இல்லத்தில் தங்கிக் காலங் கழித்தார். 1889-இல் மாநிலக் கல்லூரியில் துணைப் பேராசிரியர் பதவி தற்காலிகமாகக் கிடைத்தது. திங்கள் ஊதியம் 250 ரூபாய். அவரினும் தகுதி குறைந்த வெளிநாட்டார் அவரினும் மிகுந்த ஊதியம் பெற்று வந்தனர். கல்வித் துறைத் தலைவரிடம் இதனை முறையிட்டபோது, தகுதியுடையார் வேறு தொழில் தேடிக்கொள்ளலாமே என்னும் கருத்துப்பட அவர் விடையிறுத்தார். பல்லாண்டு கழித்துத் தம் வரலாற்றை எழுதியபோதும் பிரபுல்ல சந்திரர் இந்நிகழ்ச்சியைக் குறிக்கத் தவறவில்லை.

வேறு தொழிலை அவர் தேடவே செய்தார். ஆயின் அது தமக்காக அன்று. பட்டம் பெற்ற இளைஞர் அனைவரும் அரசாங்க எழுத்தர் வேலை ஒன்றையே நாடித் திரிவதை அவர் கண்டார். அதே வேளையில் மருந்துகளும் அமிலங்களும் கப்பல் கப்பலாக வெளிநாட்டிலிருந்து வந்திறங்குவதையும் கண்டார். அவற்றைச் செய்தற்குரிய பொருள்கள் நம் நாட்டில் மலிந்து கிடந்தன. செய்வார்தாம் இல்லை. 1892-இல் தம் ஊதியத்தில் மிச்சப்படுத்திய சிறு பொருளை முதலாகக் கொண்டு, கல்கத்தா அப்பர் சர்க்குலர் சாலையில் 91-ஆம் எண்ணுள்ள தம் வாடகை வீட்டிலேயே மருந்து செய்யும் தொழிலைத் தொடங்கினார். அதற்கு வங்காள வேதியியல் மருந்தகம் என்னும் பொருள்படப் பெயரிட்டார். பகலில் கல்லூரி, மாலையிலும் விடுமுறையிலும் தொழிற்கூடம்.

முதல் முயற்சிகள் எளிதில் கைகூடவில்லை. எலுமிச்சைச் சாற்றிலிருந்து சிட்ரிக் அமிலம் எடுக்க முயன்று, விலை கட்டாமையால் கைவிட்டார். அடுத்து எலும்பில் கருத்தைச் செலுத்தினார். எலும்பின் கடினமான பகுதி பெரும்பாலும் கால்சியம், பாஸ்பரஸ், ஆக்சிஜன் என்னும் தனிமங்கள் சேர்ந்த கால்சியம் பாஸ்பேட்டு. எலும்பை நன்றாக எரித்தால் அதிலுள்ள தசையும் கொழுப்பும் கரிவளியாகவும் நீராவியாகவும் போய்விடும், வெண்சாம்பல் எஞ்சும். அச்சாம்பலுடன் கந்தகாமிலம் சேர்த்தால், கால்சியத்தின் பெரும்பகுதியை அவ்வமிலம் பற்றிக்கொண்டு வண்டலாகப் படியும். மேலே நிற்கும் நீரில் சோடா உப்பைச் சேர்த்தால் சோடியம் பாஸ்பேட்டு கிடைக்கும். அந்நாளில் மருத்துவர் பலர் வேண்டிய மருந்து அது.

கசாப்புக் கடைகளிலிருந்து மூட்டை மூட்டையாக எலும்பை வருவித்துத் தம் வீட்டு மாடியில் உலர்த்தினார் பிரபுல்ல சந்திரர். எதிர்பாராமல் அடைமழை பிடித்துக்கொண்டது. எலும்பில் ஒட்டியிருந்த ஊன் அழுகிப் புழு நெளிந்தது. காக்கைகள் கூட்டமாக வந்து எலும்புத் துண்டுகளைக் கவ்விச் சென்று அண்டை வீடுகளில் போட்டன. அயலார் கொதித்தெழுந்தனர், நகரச் சுகாதார அதிகாரிக்கு முறையிடுவதாக எச்சரித்தனர். அவர்கள் மேல் குற்றம் இல்லை. கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் மாட்டெலும்பைக் குவித்து வைத்திருத்தல் அக்காலத்து உயர்குலத்தார் கனவிலும் கருதாத செயல். எலும்பை உடனே நகர்ப்புறத்துக்குக் கொண்டு சென்று, இரவில் அடுக்கி எரித்தார்கள். தீயின் ஒளியையும் நாற்றத்தையும் கண்டு காவலர் ஓடி வந்தனர். யாரையோ கொன்று பிணத்தை எரித்து மறைக்கின்றனர் என்பது அவர்கள் ஐயம். சூளையைக் கிளறிப் பார்த்து, எலும்பு மட்டுமே உள்ளது எனத் தெளிந்து போயினர்.

அச்சாம்பலே அவருக்குப் பின்னாளில் வகுப்பறைப் பாடமும் ஆயிற்று. எரித்த எலும்பை மாணவர் முன் எடுத்துக் காட்டி, அதில் சிறிதளவைத் தம் வாயில் இட்டுக்கொள்வாராம். மாணவர் திகைப்பர். மாட்டின் உடலில் இருந்த பாஸ்பரஸ் அணுவுக்கும், பாறையில் இருந்த பாஸ்பரஸ் அணுவுக்கும், நாம் உண்ணும் பருப்பில் உள்ள பாஸ்பரஸ் அணுவுக்கும் வேற்றுமை சிறிதும் இல்லை. அணுவுக்குப் பிறந்த குலம் இல்லை. அது முன்பு இருந்த இடத்தின் சுவடும் அதன்மேல் படிவதில்லை. நூறு பக்கம் எழுதினும் விளங்காத இவ்வுண்மை ஒரு சிட்டிகைச் சாம்பலால் விளங்கிற்று. தீட்டு, தூய்மை என்னும் பெயரால் ஒருவர் கைபட்ட நீரை மற்றவர் பருக மறுத்த காலத்தில், நீரின் மூலக்கூறு எவர் கையிலும் ஒன்றே எனக் காட்டும் கலையை அவர் கற்பித்தார் என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அம்மருந்தகத்தில் மேனாட்டு மருந்துகளோடு நம் பாட்டிமார் அறிந்த மருந்துகளும் புதிய முறையில் செய்யப்பட்டன. ஓமத்திலிருந்து வடித்த நீர், ஆடாதோடைப் பாகு, நிலவேம்பின் சாறு ஆகியவை அளவும் தரமும் மாறாமல் புட்டியில் அடைக்கப்பட்டன. பிரபுல்ல சந்திரரின் நண்பரும் மருத்துவருமாகிய அமூல்ய சரண போசு இம்மருந்துகளைப் பிற மருத்துவர்கள் ஏற்குமாறு செய்தார். 1898-இல் கல்கத்தாவில் பரவிய கொள்ளைநோய் அவர் உயிரைக் கவர்ந்தது. உடன் உழைத்த இளம் வேதியியலார் ஒருவர் ஹைட்ரோசயனிக் அமிலத்தால் சோதனைக்கூடத்திலேயே உயிர் துறந்தார். ஹைட்ரஜன், கார்பன், நைட்ரஜன் என்னும் மூன்று தனிமங்களின் ஒவ்வோர் அணு சேர்ந்தது அந்நஞ்சின் மூலக்கூறு. நம் உடலை வளர்க்கும் புரதத்திலும் இம்மூன்றும் உண்டு. அங்கே பிணைப்பு வேறு. இரண்டு துணைகளையும் இழந்து தனியே நின்ற ஆசாரியர் தொழிலைக் கைவிடவில்லை. 1901-இல் அது பங்குதாரர் நிறுவனமாயிற்று. 1905-இல் மாணிக்தலாவில் தொழிற்சாலை எழுந்தது. 1980-இல் நாட்டுடைமையாக்கப்பட்ட அந்நிறுவனம் இன்றும் உள்ளது.

இனி அந்த மஞ்சள் நிறப் படிகத்துக்கு வருவோம்.

உருசிய அறிஞர் மெண்டலீப் 1869-இல், அதுவரை அறியப்பட்ட 63 தனிமங்களை அணுநிறை வரிசையில் அமைத்து ஓர் அட்டவணை வகுத்தார். அதில் சில இடங்களை வெற்றிடமாக விட்டு, அங்கே அமர வேண்டிய தனிமங்கள் இனிக் கண்டுபிடிக்கப்படும் எனவும் கூறினார். அவ்வாறே காலியம், ஸ்காண்டியம், ஜெர்மானியம் என்பவை ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டறியப்பட்டன. எஞ்சிய வெற்றிடங்களுள் ஒன்றையேனும் இந்திய மண்ணிற் கிடைக்கும் கனிமத்தால் நிரப்புதல் கூடும் என்னும் பேராசை பிரபுல்ல சந்திரருக்கு எழுந்தது. நிலப்பொதியியல் துறையினரிடமிருந்து அரிய கனிமங்களைப் பெற்றுப் பகுத்தாராயத் தொடங்கினார். 1894-இல் மாநிலக் கல்லூரிக்குப் புதிய சோதனைக்கூடம் அமைந்தது அவருக்கு வாய்ப்பாயிற்று.

புதிய தனிமம் கிட்டவில்லை. கிட்டியது வேறொன்று. சித்த மருத்துவர் பூரம் என வழங்கும் மருந்துச் சரக்கு ஒன்று உண்டு. வீரம் என்பதும் ஒன்று உண்டு. இரண்டும் பாதரசமும் குளோரினும் சேர்ந்த சேர்மங்களே. பூரத்தில் பாதரச அணு ஒன்றுக்குக் குளோரின் அணு ஒன்று. வீரத்தில் பாதரச அணு ஒன்றுக்குக் குளோரின் அணு இரண்டு. ஓரணு வேற்றுமையால் வீரம் கொடிய நஞ்சாகிறது. பிரபுல்ல சந்திரர் 1895-ஆம் ஆண்டளவில், பூரம் செய்வதற்கு முன்படியாகிய பாதரச நைட்ரேட்டைப் பெருமளவில் செய்ய விரும்பினார். குளிர்ந்த நிலையில் நீர்த்த நைட்ரிக் அமிலத்தை மிகுதியான பாதரசத்தின் மேல் ஊற்றி வைத்தார். சிறிது நேரத்தில் பாதரசத்தின் மேல் மஞ்சள் நிறப் படிகங்கள் படிந்தன.

நைட்ரேட்டு வெண்ணிறமுடையது, இதுவோ மஞ்சள். முதலில் அதனைக் காரத்தன்மையுள்ள ஓர் உப்பு எனவே அவர் கருதினார். ஆயின் அமிலம் மிகுந்த நீரில் அத்தகைய உப்புப் பிறத்தல் இயல்பன்று. இவ்வையமே அவரை வழிநடத்திற்று. கண்டதை உடனே நம்பாமல் மீண்டும் மீண்டும் பகுத்து நிறுத்துப் பார்த்தார். பாதரசத்தின் அளவும் நைட்ரஜனின் அளவும் ஆக்சிஜனின் அளவும் ஓர் உண்மையையே உணர்த்தின. நைட்ரேட்டில் ஒரு நைட்ரஜன் அணுவுடன் மூன்று ஆக்சிஜன் அணுக்கள் பிணைந்திருக்கும். இப்படிகத்தில் ஒரு நைட்ரஜன் அணுவுடன் இரண்டே ஆக்சிஜன் அணுக்கள் இருந்தன. அதாவது இது பாதரச நைட்ரைட்டு. பாதரச அணுக்கள் இதில் இரண்டிரண்டாகக் கைகோத்து நிற்கின்றன. நிலையில்லாத நைட்ரைட்டு இத்தகைய பாதரசத்தோடு சேர்ந்து நிலைத்து நிற்கும் என்பது அறிஞர் எதிர்பாராதது. கல், கால் ஆயிற்று என்றோமே, அதுபோன்றதே இது; இங்கே ஒன்று கூடாமல் குறைந்தது.

இச்செய்தி 1896-இல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. இங்கிலாந்தில் வெளியாகும் நேச்சர் என்னும் அறிவியல் இதழும் அதனைக் குறிப்பிட்டது. அதன்பின் நைட்ரைட்டுகளையே அவர் பல்லாண்டு ஆராய்ந்தார். அம்மோனியம் நைட்ரைட்டு சூடேற்றினால் நைட்ரஜனும் நீருமாகச் சிதைவது. அதனைச் சிதையாமலே ஆவியாக்கலாம் என்பதை நிறுவி, 1912-இல் இலண்டனில் அறிஞர் அவையில் எடுத்துரைத்தார். இங்கே மாணவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாதரசம் பார்வைக்கு அழகியது. அதன் ஆவி நஞ்சு. உடைந்த வெப்பமானியிலிருந்து சிந்திய பாதரசத்தைக் கையில் உருட்டி விளையாடுதல் கூடாது.

பாதரசத்தை ஆராய்ந்தவர், அப்பாதரசத்தைப் பற்றி நம் முன்னோர் எழுதிய சுவடிகளையும் ஆராய்ந்தார். பிரெஞ்சு நாட்டு வேதியியல் பேரறிஞர் பெர்த்தலோ என்பார் அவரை இவ்வழியில் ஊக்கினார். இந்து வேதியியல் வரலாறு என்னும் பெருநூலின் முதற்பகுதி 1902-இல் வெளிவந்தது; இரண்டாம் பகுதி சில ஆண்டுகளுக்குப் பின் வந்தது. வடமொழி இரசவாத நூல்களைத் தேடித் திரட்டி, உலோகங்களை உருக்கவும், வடிக்கவும், புடமிடவும் அவற்றிற் கூறிய முறைகளை அவர் உலகினர்க்குக் காட்டினார்.

பழம்பெருமை பேசி மகிழ்வதோடு அந்நூல் நிற்கவில்லை. நம் நாட்டில் இக்கலை ஏன் தேய்ந்தது என்னும் வினாவையும் அது எழுப்பிற்று. கசப்பான விடை ஒன்றையும் தந்தது. அறுவை மருத்துவம் கற்பார் பிணத்தை அறுத்துப் பார்த்தே உடலுறுப்புகளை அறிய வேண்டும் எனச் சுசுருதர் நூல் விதித்தது. பிற்காலத்தில் பிணத்தைத் தொடுதலே தீட்டாயிற்று. உலோகம் உருக்குவதும் சாயம் தோய்ப்பதும் தோல் பதனிடுவதும் தாழ்ந்த தொழில்கள் எனப்பட்டன. நூல் கற்றவன் தொழிலைத் தொடவில்லை. தொழில் செய்பவனுக்கு நூல் கற்பிக்கப்படவில்லை. ஏன், எவ்வாறு என்னும் வினாக்களைக் கேட்கவேண்டிய அறிவு ஓரிடத்திலும், பொருளைக் கையாளும் கை மற்றோரிடத்திலுமாகப் பிரிந்து போயின. இப்பிரிவே இக்கலையின் வீழ்ச்சிக்குப் பெருங்காரணம் என்பது ஆசாரியர் கண்ட முடிவு. காஞ்சிபுரத்துப் பட்டுக்குச் சாயம் தோய்த்தவரும், கம்மியரும், கன்னாரும் தலைமுறை தலைமுறையாக மூலக்கூறுகளோடு பழகியே வந்தனர். அவர்களிடம் சென்று கேட்டு எழுதிவைத்த புலவர் எத்தனை பேர்? தமிழ் கற்ற நாமும் விடை சொல்ல வேண்டிய வினா இது.

அணு என்னும் சொல் நம்மிடம் தொன்றுதொட்டு உள்ளது. கணாதர் முதலிய மெய்யறிவாளர் அணுவைப் பற்றிச் சிந்தித்ததும் உண்மை. ஆயினும் அவர்கள் சிந்தித்த அணு வேறு. 1803-ஆம் ஆண்டை ஒட்டி டால்டன் கூறிய அணு வேறு. டால்டனின் அணுவுக்கு நிறை உண்டு. தராசில் இட்டுப் பொருள்களை நிறுத்த பின்னரே அந்த அணு பேசிற்று. இரண்டையும் ஒன்றெனக் குழப்புதல் இரு சாரார்க்கும் நீதி செய்வதாகாது.

ஆசாரியரின் பெருமையை நூலினும் மிகுதியாக மாணாக்கரிடம் காணலாம். 1909-ஆம் ஆண்டை ஒட்டி மாநிலக் கல்லூரியில் சேர்ந்த மாணவருள் மேகநாத சாகா, சத்தியேந்திர நாத போசு, ஞான சந்திர கோசு, ஞானேந்திர நாத முகர்ஜி ஆகியோர் இருந்தனர். ஓர் ஆசிரியர் வகுப்பில் இத்துணைப் பேர் ஒருங்கே அமர்ந்திருந்தது அரிய நிகழ்ச்சி. இவர்களுள் சாகா டாக்கா மாவட்டச் சிற்றூர் ஒன்றில் சிறு மளிகைக்கடை நடத்தியவரின் மகன். சாதியால் தாழ்ந்தவர் எனக் கருதி விடுதியில் உடன் உண்ண மறுத்த மாணவரும் உண்டு. விண்மீனின் கடும் வெப்பத்தில் அணுக்கள் எலெக்ட்ரானை இழக்கும் அளவைக் கணிக்கும் சமன்பாட்டை அதே சாகா 1920-இல் உலகுக்குத் தந்தார்.

1901-ஆம் ஆண்டின் இறுதியில் காந்தியடிகள் கல்கத்தாவில் கோகலேயின் விருந்தினராகத் தங்கியிருந்தார். அப்பொழுது கோகலே அவருக்குப் பிரபுல்ல சந்திரரை அறிமுகம் செய்துவைத்தார். அந்நாளில் ஆசாரியரின் திங்கள் ஊதியம் 800 ரூபாய். அதில் தமக்கென வைத்துக்கொண்டது 40 ரூபாய். எஞ்சியதெல்லாம் பொதுப்பணிக்கும் ஏழை மாணவர்க்கும் சென்றது. அவர் மணம் செய்துகொள்ளவில்லை.

1916-இல் மாநிலக் கல்லூரியினின்றும் விலகிக் கல்கத்தாப் பல்கலைக் கழகத்தின் அறிவியற் கல்லூரியில் வேதியியல் பேராசிரியரானார். 1919-இல் அரசாங்கம் சர் பட்டம் அளித்தது. அறுபது வயது நிறைந்த 1921 முதல் தம் ஊதியம் முழுவதையும் வேதியியல் துறையின் வளர்ச்சிக்கே பல்கலைக் கழகத்துக்குத் திருப்பி அளித்தார். 1922-இல் வட வங்காளம் பெருவெள்ளத்தால் அழிவுற்றபோது, அறிவியற் கல்லூரியையே நிவாரண நிலையமாக்கி, அரிசியும் துணியும் திரட்டி அனுப்பினார். கதர் நூற்றார். 1924-இல் இந்திய வேதியியல் கழகம் தோன்றியபோது அதன் முதல் தலைவரானார். பழைய இரசவாதியின் பெயரால் நாகார்ச்சுனர் பரிசு என ஒன்றை ஏற்படுத்தினார்.

1936-இல் எழுபத்தைந்தாம் வயதில் பேராசிரியர் பதவியினின்றும் ஓய்வு பெற்றார். ஆயினும் அறிவியற் கல்லூரியின் மாடியறை ஒன்றிலேயே தொடர்ந்து வாழ்ந்தார். அவ்வறையில் ஒரு கட்டில், ஒரு சிறு மேசை, ஒரு நாற்காலி, நூல்கள் அடுக்கிய அலமாரி இவையே இருந்தன. ஏழை மாணவர் சிலர் அவருடன் தங்கிப் படித்து வந்தனர். தளர்ந்த பின் அவரைக் கவனித்துக்கொண்டவரும் மாணவரே. 1944-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 16-ஆம் நாள், சோதனைக்கூடத்தை அடுத்த அவ்வறையிலேயே, மாணாக்கர் சூழ்ந்திருக்க ஆசாரியர் உயிர் நீத்தார்.